வடை மணக்கும் வண்டி

நம் பள்ளி வாசலில் காலையில் எங்களை இறக்கிவிட்டுப் போகும் பழைய வெள்ளை அம்பாசடர் காரை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். சென்ற ஆண்டு ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை அந்தக் கார் போகுமிடமெல்லாம் ஏன் வடை மணத்தது என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. "காருக்குள்ளேயே அடுப்பு வச்சிருக்கீங்களா?" என்று தோழியர் கேலி செய்தபோதெல்லாம் சிரித்து மழுப்பி வந்தோம். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு சிஸ்டர் அறிவித்த அன்று, உண்மையை எழுதிவிடுவது என்று தீர்மானித்தோம். இதில் நாங்கள் வெட்கப்பட வேண்டிய பகுதி ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

நாங்கள் என்றால் அக்காளும் தங்கையும். ஒருத்தி பத்தாம் வகுப்பு, மற்றவள் எட்டாம் வகுப்பு. எழுதுபவள் மூத்தவள்; கணக்குப் பார்ப்பவள் இளையவள். கணக்கில் பிழை இருந்தால் பழி அவளுக்கே!

எங்கள் அம்மா வீட்டில் பலகாரம் செய்து விற்கிறார். முறுக்கு, மிக்சர், காராசேவு, பண்டிகைக் காலங்களில் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும். அப்பா அவற்றை டின்களில் அடைத்து, காரின் பின் இருக்கையிலும் டிக்கியிலும் ஏற்றி, வத்தலக்குண்டு சுற்று வட்டாரக் கடைகளிலும், வாரம் ஒரு முறை கொடைக்கானலிலும் போட்டு வருவார். பொரித்து முடித்த எண்ணெய் வாரத்துக்குப் பத்து லிட்டர் மிஞ்சும். அதை அம்மா மறுபடி பலகாரத்துக்குத் தொடமாட்டார். "கமறின எண்ணெயிலே போட்ட முறுக்கை என் பிள்ளைகளுக்குக் கொடுப்பேனா? அப்போ ஊரார் பிள்ளைக்கு எப்படிக் கொடுக்கிறது?" என்பார். இதில் எங்களுக்கு மிகுந்த பெருமை உண்டு.

ஆனால் அந்த எண்ணெய் எங்கே போயிற்று? சனிக்கிழமை தோறும் மொபட்டில் ஒருவர் வருவார். லிட்டருக்கு 45 ரூபாய் கொடுத்து, அம்மாவின் டின்னோடு எடுத்துப் போய், அடுத்த வாரம் காலி டின்னைத் திருப்பித் தருவார். டின் மாறிவிடக் கூடாது என்று எங்கள் டின்களின் கழுத்தில் அம்மா நீலப் பெயிண்டால் வளையம் போட்டிருந்தார். சோப்புக்குப் போகிறது என்று டின்காரர் சொன்னார். நாங்களும் நம்பினோம். நம்புவது எளிதாக இருந்தது.

சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு நாள், மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து தோழியர் இருவருடன் பஸ் நிலையப் பக்கம் பஜ்ஜி வாங்க நின்றோம். எந்தக் கடை என்று எழுதுவது முறையன்று. தோழியர் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். எங்கள் முறை வந்தபோது கடைக்காரர் குனிந்து அடுப்படியிலிருந்து ஒரு டின்னை எடுத்து வாணலியில் எண்ணெய் ஊற்றினார். அந்த டின்னின் கழுத்தில் நீல வளையம் இருந்தது.

நாங்கள் பஜ்ஜி வாங்கவில்லை. சில்லறை இல்லை என்று பொய் சொன்னோம். அந்தத் தோழியர் இருவரும் இந்த மலரை வாசிப்பார்கள். அவர்களிடம் இதுவரை சொல்லும் துணிவு எங்களுக்கு வரவில்லை. இப்போது சொல்கிறோம்: நீங்கள் அன்று சாப்பிட்டது எங்கள் வீட்டு எண்ணெய். எங்களை மன்னியுங்கள்.

வீட்டில் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை மொபட் வந்தபோது, "இனிமேல் எண்ணெய் கிடையாது" என்று மட்டும் சொல்லி உள்ளே வந்துவிட்டார். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உடலுக்குத் தீங்கான பொருள்கள் சேர்கின்றன என்றும், அவற்றில் துருவப் பொருள்கள் எனப்படுபவை நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் விதி செய்திருக்கிறது என்றும் அறிவியல் சிஸ்டர் எங்களுக்கு விளக்கினார். அம்மாவுக்கு அந்த விதி தெரியாது. ஆனால் கமறல் தெரியும்.

இப்போது வேறு கேள்வி எழுந்தது. "நல்லது, விற்க வேண்டாம். வாரம் பத்து லிட்டரை எங்கே கொட்டுவது? சாக்கடையிலா?" என்று அப்பா கேட்டார். ஒரு மாதத்தில் திண்ணை முழுவதும் டின்கள். எலித் தொல்லை வேறு.

அந்தச் சமயத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். திண்ணையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், "மச்சான், டீசல் எஞ்சினைக் கண்டுபிடிச்ச ஆளே கடலை எண்ணெயிலே ஓடினதைப் பத்தி எழுதியிருக்காரு. நம்ம வண்டி இந்த எண்ணெயைக் குடிக்காதா?" என்றார்.

மாமா சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே நூலகத்தில் தேடினோம். மாமா சொன்னது உண்மைதான்! ருடால்ஃப் டீசல் ஜெர்மானியப் பொறியாளர். 1893 ஆகஸ்ட் 10 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய முதல் எஞ்சின் சோதிக்கப்பட்டது. அந்த நாளில்தான் கடலை எண்ணெயில் எஞ்சின் ஓடியது என்று பலர் எழுதுகிறார்கள். உலக உயிரி எரிபொருள் நாளும் அந்தத் தேதியில்தான் கொண்டாடப்படுகிறது. அது சரியன்று. கடலை எண்ணெய்க் கதை 1900-ஆம் ஆண்டுக்கு உரியது. பாரிஸ் மாநகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஓட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் எஞ்சினைப் பிரெஞ்சு அரசின் விருப்பப்படி கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. ஆப்பிரிக்காவில் தன் ஆட்சியில் இருந்த நாடுகளில் கடலை நிறைய விளைந்ததால், அங்கேயே எரிபொருள் கிடைக்குமா என்று அந்த அரசு பார்த்தது. எண்ணெயில் ஓடுகிறது என்பதே பார்த்தவர்களில் பலருக்குத் தெரியவில்லை, அவ்வளவு அமைதியாக ஓடியது என்று 1912-இல் டீசலே குறிப்பிட்டிருக்கிறார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அவர் காணாமற்போய்விட்டார். அதைப் படித்த அன்று எங்களுக்கு மனம் கனத்தது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. காற்றை மிகவும் அழுத்தினால் அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயைப் பனிபோலத் தெளித்தால் தானே பற்றிக்கொள்கிறது. பனிபோல என்பதுதான் முக்கியம். சமையல் எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு குழகுழப்பானது. அது பனியாகாமல் துளித்துளியாக விழும். துளி முழுவதும் எரியாது. எரியாதது கரியாகப் படியும்.

சிஸ்டர் இதை ஆய்வகத்தில் செய்து பார்க்க அனுமதித்தார். ஒரே பியூரெட்டில் ஒரே அளவு ஊற்றி, அது வடியும் நேரத்தைக் குறித்தோம். டீசல் 40 வினாடியில் வடிந்தது. அம்மாவின் பாமாயில் ஆறு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. காத்திருந்து காத்திருந்து தங்கைக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அதே எண்ணெயை 80 டிகிரிக்குச் சுடவைத்து ஊற்றினால் ஒன்றரை நிமிடம்! "சூடு இருந்தால் உங்கள் கார் ஓடும். சூடு இல்லாத இடத்தில் என்ன செய்வீர்கள்?" என்று சிஸ்டர் கேட்டார். அந்தக் கேள்வியை நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம். எழுதிக்கொண்டதோடு சரி.

எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்தால் அது நீர்த்த பயோடீசலாக மாறும், கிளிசரின் அடியில் தங்கும் என்றும் சிஸ்டர் சொன்னார். செய்து பார்க்கலாமா என்று கேட்டோம். "கூடவே கூடாது" என்றார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர்களைக் குடித்தது அந்த மெத்தனால்தான். பிழைத்தவர்களிலும் கண் போனவர்கள் உண்டு.

ஆக, எண்ணெயை எண்ணெயாகவே ஊற்றுவது என்று முடிவாயிற்று. எங்கள் கார் பழைய எஞ்சின் என்பதால் தாங்கும் என்றார் மாமா. (அம்பாசடர் தயாரிப்பே 2014-இல் நின்றுவிட்டது; எங்கள் வண்டிக்கு எங்களைவிட வயது அதிகம்.) இப்போது வரும் புதிய டீசல் கார்களில் காமன் ரெயில் என்ற முறையில் மிக நுண்ணிய துளைகள் வழியே மிகுந்த அழுத்தத்தில் தெளிக்கிறார்களாம். அவற்றில் இந்த விளையாட்டு வேண்டாம் என்று மாமா திட்டமாகச் சொன்னார். புதுக் கார் வைத்திருக்கும் பெற்றோர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்கவும்!

வேலை முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது. எண்ணெயை இரண்டு வாரம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் மொண்டு, பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டுவோம். தண்ணீர் இருக்கக் கூடாது என்பதற்காக அம்மா அதைக் காய்ச்சுவார். படபடவென்று வெடிப்பது நின்றால் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். பிறகு ஆறவைத்து மறுபடி வடிகட்டல். முதலில் மூன்று பங்கு டீசலுக்கு ஒரு பங்கு எண்ணெய். கார் ஓடியது! பின்னால் வந்த புகையில் உளுந்து வடை மணம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் இறங்கினால், எந்த வீட்டில் பலகாரம் என்று எல்லாரும் மூக்கை உறிஞ்சுவார்கள். எங்கள் தெரு நாய் ஒன்று பங்குச்சாமியார் வீடு வரை காரைத் தொடர்ந்து ஓடிவந்தது.

செப்டம்பரில் இரண்டுக்கு ஒன்று. அப்பாவுக்கு ஆசை பெருகிக்கொண்டே போயிற்று. டிசம்பரில் பாதிக்குப் பாதி. சமவெளி வெயிலில் கார் ஒரு குறையும் சொல்லவில்லை.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, கிறிஸ்துமஸ் பலகார டின்களோடு அப்பாவுடன் நாங்களும் கொடைக்கானல் போனோம். டின்களைக் கடைகளில் இறக்கிவிட்டு, இரவு அத்தை வீட்டில் தங்கி, அங்கிருந்த அப்பத்தாவை ஞாயிறு காலை அழைத்து வரவேண்டும். திங்கள் காலை மதுரையில் அப்பத்தாவுக்குக் கண்புரை அறுவை. இரண்டு மாதமாகக் காத்திருந்து கிடைத்த தேதி. டம் டம் பாறை தாண்டி, ஊத்து தாண்டி, பெருமாள்மலை ஏறும்போதே எஞ்சின் இழுக்கத் திணறியது. கொண்டை ஊசி வளைவுகளில் அப்பா முதல் கியரிலேயே ஏறினார். சுமை அதிகம் என்று நினைத்தோம்.

மறுநாள் விடியற்காலை வாயைத் திறந்தால் புகை. புல்லெல்லாம் ஈரம். செல்ஃப் போட்டால் கறகறவென்று சுற்றுகிறதே தவிர எஞ்சின் எடுக்கவில்லை. பத்து முறை, இருபது முறை. பேட்டரியும் தளர்ந்தது. அப்பா பானெட்டைத் திறந்து ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே நெய்!

நெய் அன்று, பாமாயில். உறைந்து, மஞ்சளாக, கரண்டியால் வழிக்கும்படி இருந்தது. குளிரில் பாமாயில் உறையும் என்பது நம் எல்லார் வீட்டுச் சமையலறைக்கும் தெரியும். எங்கள் சமையலறைக்கும் தெரியும். சிஸ்டர் கேட்ட கேள்வி நோட்டிலே இருந்தது. அப்பா எங்களைப் பார்க்கவில்லை. நாங்களும் அப்பாவைப் பார்க்கவில்லை.

அப்பத்தா கம்பளி போர்த்தி, மூட்டையோடு திண்ணையில் தயாராக உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கல் என்பதால் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "தேங்காயெண்ணெய் உறைஞ்சா என்னடி செய்வீங்க? வெந்நியிலே வைக்க மாட்டீங்களா? போங்க, அடுப்பை மூட்டுங்க" என்றார்.

அத்தை வீட்டு அண்டாவில் வெந்நீர் போட்டோம். பழைய துணிகளை நனைத்து ஃபில்டரிலும் எண்ணெய்க் குழாயிலும் சுற்றினோம். துணி ஆற ஆறப் புதுத் துணி. கை சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜீப் ஓட்டுநர் ஐந்து லிட்டர் டீசல் தந்தார். அதை டேங்கில் ஊற்றினோம். மாமா தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அப்பா குழாயிலிருந்த காற்றை எடுத்தார். ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தபோது கார் ஒருமுறை இருமி, வெள்ளைப் புகை கக்கி, எடுத்துக்கொண்டது. மணி பத்தரை. அப்பத்தா கைதட்டினார்.

பெருமாள்மலை அருகே மறுபடி நின்றது. டீக்கடையில் வெந்நீர் கேட்டோம். காருக்கு என்றதும் கடைக்காரர் ரேடியேட்டருக்கு என்று நினைத்து ஒரு குடம் தந்தார். ஃபில்டரில் ஊற்றியதைப் பார்த்து அவருக்கு விளங்கவே இல்லை. அதற்குக் கீழே வெயில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு கார் நிற்கவில்லை. ஆனால் அந்த வழி முழுவதும் நாங்கள் பேசவில்லை. அப்பத்தா மட்டும், "வெளிச்சம் தெரியுதுடி, காட்ரோடு வந்துருச்சா?" என்று கேட்டபடி வந்தார்.

மறுநாள் காரை நம்பாமல் பஸ்ஸில் மதுரை போய், அறுவை நல்லபடியாக முடிந்தது. காரை மாமா ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். நான்கு நாசில்களையும் கழற்றிக் காட்டினார். அடிப்பிடித்த வாணலியின் அடிபோலக் கரி. எஞ்சின் ஆயிலும் கெட்டியாகியிருந்தது. செலவு 9,600 ரூபாய்.

தங்கை கணக்கு நோட்டை எடுத்தாள். நான்கு மாதத்தில் ஊற்றிய எண்ணெய் 160 லிட்டர். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் 14,880. ஒர்க்‌ஷாப் செலவு 9,600, மாற்றிய ஃபில்டர்கள் 1,400, டின்காரருக்கு விற்றிருந்தால் வந்திருக்கக்கூடிய 7,200. மொத்தம் 18,200. நட்டம் 3,320 ரூபாய். அப்பா அதை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். அம்மா, "அந்த 7,200-ஐ ஏன்டி நட்டத்திலே எழுதினே? அது நம்ம காசா?" என்றார். தங்கை அந்த வரியை அடித்தாள். அப்போது 3,880 ரூபாய் லாபம் வந்தது. எந்த விடை சரி என்று எங்களுக்குள் இன்னும் தகராறு உண்டு.

கார் இப்போது டீசலில்தான் ஓடுகிறது. பொரித்த எண்ணெயை வாங்கிப் பயோடீசல் ஆலைகளுக்கு அனுப்பும் ரூகோ என்ற திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கியிருக்கிறது. ஆனால் நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்களுக்கே கணக்கு வைக்கும் கட்டாயம். எங்களைப் போன்ற வீட்டு அடுப்புக்காக யாரும் வண்டி அனுப்புவதில்லை. விசாரித்தபோது, ஒரு பீப்பாய் சேர்ந்தால் வருகிறோம் என்றார்கள். அம்மா தம்முடைய மகளிர் குழுவில் பேசினார். பலகாரம் போடும் ஏழு வீடுகள் இப்போது எண்ணெயை எங்கள் திண்ணைக்குக் கொண்டுவருகின்றன. கிடைக்கும் விலை டின்காரர் தந்ததைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய் குறைவு. அதற்காக ஒரு வீட்டார் விலகிப் போய்த் திரும்பவும் வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று அம்மா கேட்கவில்லை.

பீப்பாய் 200 லிட்டர். சவுக்குக் குச்சியில் கோடு கீறி உள்ளே விட்டுப் பார்ப்பது அப்பத்தாவின் வேலை. புதுக் கண்ணில் கோடு நன்றாகத் தெரிகிறதாம். நேற்று 140 என்றார். மொபட் சத்தம் சனிக்கிழமைகளில் இன்னும் தெரு முனை வரை வருகிறது. சென்ற வாரம் வாசலில் நின்று, லிட்டருக்கு 50 தருவதாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.